ஒரே ராத்திரியில் நரைத்த கதை

தமிழ் சினிமாவில் ஒருத்தருக்கு வயசாகிவிட்டது என்று சொல்ல ரொம்பக் காலமாக ஒரு சுலபமான வழி இருந்தது. காதோரம் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு பட்டை. மூக்கில் ஒரு கண்ணாடி. முடிந்தது, இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. தோல் சுருங்காது, பல் விழாது, இடுப்பு ஒரு இஞ்ச் கூட ஏறாது. இரட்டை வேடப் படமென்றால் பட்டை இருப்பவர் அப்பா, இல்லாதவர் மகன். நாமும் ஒரு கேள்வி கேட்காமல் பார்த்துவிட்டு வருவோம்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது ஒரு ஃபிளாக். ஒன்று என்றால் கிழவர், பூஜ்யம் என்றால் வாலிபர். நானும் ரொம்ப நாளாக நரை என்றால் அவ்வளவுதான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், அந்த ஒன்றுக்கு ஒவ்வொரு கதையிலும் ஒவ்வொரு அர்த்தம் இருக்கிறது. அர்த்தத்தை முடிவு செய்வது பெரும்பாலும் முடிக்குச் சொந்தக்காரர் இல்லை, பார்க்கிறவர்கள்.

முதலில் நம்ம கரிகாலனை எடுத்துக்கொள்வோம். சின்ன வயசிலேயே பட்டத்துக்கு வந்தவன். ஒரு வழக்கோடு இரண்டு முதியவர்கள் வருகிறார்கள். அரியணையில் உட்கார்ந்திருப்பது பொடியன், இவனுக்கு என்ன தீர்ப்பு சொல்லத் தெரியும் என்று அவர்களுக்குச் சந்தேகம். கரிகாலன் கோபப்படவில்லை. நரைமுடியை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து தீர்ப்பு சொன்னான். அவர்களுக்கும் திருப்தி. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு இதைச் சொல்கிறது, மணிமேகலையிலும் ஒரு குறிப்பு வருகிறது. குலத்தொழில் கல்லாமலே வரும் என்பதற்கு உதாரணமாகத்தான் பழமொழி நானூறு இதை எடுத்துக்கொள்கிறது. எனக்கு அந்தப் பழமொழியைவிட அந்த விக் தான் பிடித்திருந்தது. உள்ளே இருந்த மூளை அதே மூளை, சொன்ன தீர்ப்பும் அவனுடைய தீர்ப்புதான். மேலே கொஞ்சம் வெள்ளை இருந்தால்தான் அது காதில் ஏறுகிறது.

சிரிக்காதீர்கள், இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. கிளையண்ட் முன்னால் போய் உட்கார ஒரு நரைத்த தலை வேண்டும் என்று எல்லா ஐடி கம்பெனிக்கும் தெரியும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து அந்த பிழையைக் கண்டுபிடித்த பையன் மீட்டிங்கில் மியூட்டில் இருப்பான் :-)

ஐன்ஸ்டைன் என்றதும் உங்களுக்கு எந்த முகம் ஞாபகம் வருகிறது? சீவாத வெள்ளை முடி, நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் படம். அது 1951-ல், அவருடைய 72-வது பிறந்தநாள் அன்றைக்கு எடுத்தது. சிறப்புச் சார்பியல் கட்டுரை வெளியான 1905-ல் அவருக்கு 26 வயது. கறுப்புச் சுருள்முடியும் மீசையுமாக பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆள். அந்தப் படமும் இருக்கிறது. ஆனால் எந்த ட்யூஷன் சென்டர் சுவரிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? டார்வினும் அப்படித்தான். பீகிள் கப்பலில் ஏறும்போது அவருக்கு வயது 22. நம் பாடப்புத்தகத்தில் அந்தப் பையன் கிடையாது, மார்பு வரைக்கும் வெள்ளைத் தாடி வைத்த தாத்தாதான். செய்த வேலை இளைஞனுடையது, மாட்டிய படம் கிழவருடையது. கரிகாலனாவது தானே விக் வைத்துக்கொண்டான். இவர்களுக்கு நாம் வைத்துவிட்டோம். ராமானுஜன் 32 வயதில் போய்விட்டதால் அவரை மட்டும் இப்படிக் கிழவராக்க முடியவில்லை.

இதுவரை நரை என்பது ஒரு நாற்காலியில் உட்காரத் தகுதிச் சான்றிதழ். அப்படியே தலைகீழாக ஒரு கதை இருக்கிறது.

புத்த ஜாதகக் கதைகளில் ஒன்பதாவது, மகாதேவன் கதை. மிதிலையின் ராஜா. தன் நாவிதரிடம், என் தலையில் ஒரு வெள்ளை முடி தெரிந்தால் உடனே சொல் என்று சொல்லி வைத்திருக்கிறான். ஒருநாள் தெரிகிறது. நாவிதர் தங்கச் சிமிட்டாவால் அதைப் பிடுங்கி ராஜாவின் உள்ளங்கையில் வைக்கிறார். அவ்வளவுதான். நாவிதருக்கு ஒரு கிராமத்தை மானியமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டு, ராஜா துறவியாகப் போய்விடுகிறான். இதில் வேடிக்கை, கதைப்படி அவனுக்கு இன்னும் 84,000 வருஷ ஆயுள் பாக்கி இருக்கிறது! ரிட்டையர்மெண்டுக்குப் பிறகு எக்ஸ்டென்ஷன் கேட்டு அலைகிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது ஃபார்வர்ட் பண்ணலாம். பார்ஹுத் ஸ்தூபியில் இந்தக் கதையைப் பெயர் பொறித்துச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் சிற்பங்கள் இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கல். ஒரே நிறத்தில் இருக்கும் கல்லில் ஒற்றை வெள்ளை முடியைக் காட்ட வேண்டுமென்றால் அந்தச் சிற்பிக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்க வேண்டும். பார்க்கிறவனுக்குக் கதை தெரியும் என்கிற நம்பிக்கைதான்.

தசரதனுக்கும் இதே கதிதான். காளிதாசனின் ரகுவம்சத்தில் பன்னிரண்டாம் சர்க்கத்தில் மூப்பு நரையாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து, ராமனுக்கு ராஜ்யத்தைக் கொடு என்று தசரதன் காதோரம் ரகசியமாகச் சொல்கிறதாம். ஏன் ரகசியம்? கைகேயி காதில் விழுந்துவிடுமோ என்கிற பயத்தில்! கம்பராமாயணத்தில், மந்திரப் படலத்தில் கண்ணாடி பார்க்கும்போது அந்த நரை தெரிகிறது. இராவணன் செய்த தீமைதான் இப்படி ஒரு நரையாக வந்து சேர்ந்ததோ என்று ஒரு பாட்டு போகிறது. யோசித்துப் பாருங்கள், ராமாயணம் மொத்தமும் ஒரு வெள்ளை முடியிலிருந்து அவிழ்கிறது. அந்த முடியை மட்டும் தசரதன் கவனிக்காமல் இருந்திருந்தால் பட்டாபிஷேகப் பேச்சே அன்றைக்கு எழுந்திருக்காது. சினிமாவில் பட்டை வரைகிற இடமும், காவியத்தில் நரை வந்து பேசுகிற இடமும் ஒன்றேதான், காதோரம். தற்செயல் தானா தெரியவில்லை, நிஜத்திலும் பெரும்பாலான ஆண்களுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிசிராந்தையாரை விட்டுவிட்டால் தமிழ் வாத்தியார் கோபித்துக்கொள்வார். இவ்வளவு வயசாகியும் உங்களுக்கு எப்படி நரை இல்லை என்று கேட்டதற்கு, வீட்டில் நல்ல மனைவி மக்கள், சொன்னதைச் செய்யும் வேலையாட்கள், அநியாயம் செய்யாத ராஜா, ஊரில் நல்ல சான்றோர்கள் என்று காரணம் சொல்கிறார் (புறநானூறு 191). கவலை வந்தால் நரைக்கும் என்ற கணக்கு அப்போதே இருந்திருக்கிறது. இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகிறது.

இதெல்லாம் ஆம்பிளைகள் சமாச்சாரம். பெண்கள் விஷயத்துக்கு வந்தால் கதை வேற.

1953-ல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள், இல்லையென்றால் யூட்யூபில் துண்டுகளாவது பார்த்திருப்பீர்கள். கே.பி. சுந்தராம்பாள் நரைத்த தலையும் கோலுமாக நடந்து வருவார். அப்போது அவருக்கு 44 வயதுதான். கதையில் ஔவை இளம்பெண். கல்யாணப் பேச்சு வருகிறது. பிள்ளையார் முன்னால் நின்று என் இளமையை எடுத்துக்கொள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள் மூப்பை. சின்ன வயசில் இதைப் பார்த்தபோது பக்திக் கதை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. ஒரு பெண் தனியாக ஊர் ஊராகப் போகவேண்டும், ராஜாக்கள் சபையில் நின்று வாயாடவேண்டும், யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்றால் அவளை முதலில் கிழவியாக்க வேண்டியிருந்திருக்கிறது. இத்தனைக்கும் புறநானூற்றில் அதியமானைப் பாடுகிற ஔவையாரைத் தேடினால் அங்கே கோலூன்றிய பாட்டி தெரியவில்லை. அரசனோடு சரிசமமாகப் பேசி, கள்ளையும் பகிர்ந்துகொண்ட ஒரு புலவர்தான் தெரிகிறார். வேறு வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த பல ஔவையார்களை ஒன்றாகச் சுருட்டி, தலையில் வெள்ளையைக் கொட்டிவிட்டோம்.

சங்கப் பாட்டில் நரைத்த பெண் இல்லாமல் இல்லை. மீன் தின்னும் கொக்கின் இறகு மாதிரி வெளுத்த கூந்தலோடு ஒரு முதிய தாய் புறநானூறு 277-ல் வருகிறாள், பாடியவர் பூங்கண் உத்திரையார். மகன் போரில் யானையைக் கொன்று செத்தான் என்றதும் அவளுக்கு வருகிற சந்தோஷத்தைப் பற்றிய பாட்டு. அதாவது பெண்ணின் நரை நம் கதைகளில் வந்தால் ஒன்று தியாகம், இல்லாவிட்டால் துக்கம், இல்லாவிட்டால் சூனியக்காரி. 2011-ல் மங்காத்தாவில் அஜித் டை அடிக்காமல் வந்தபோது அதற்கு சால்ட் அண்ட் பெப்பர் என்று பேர் வைத்து தியேட்டரில் விசில் அடித்தார்கள். அப்போது அவருக்கு 40. நாற்பது வயசுக் கதாநாயகி ஒருத்தர் அந்தத் தலையோடு வந்து விசில் வாங்கிய படம் எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

இப்போது கொஞ்சம் தூரம் போகவேண்டும், பிரான்ஸுக்கு. நரைத்த பெண் தலை பற்றி உலகத்திலேயே பிரபலமான கதை அங்கேதான் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்தால் இருபது வயசுப் பெண்களுக்கெல்லாம் தலை வெளுத்திருக்கும். அது நரை இல்லை, பவுடர். மாவுச்சத்தை அரைத்து, வாசனை சேர்த்து தலையில் தூவுவார்கள். அந்தக் காலத்துப் பணக்கார ஃபேஷன். இங்கிலாந்தில் 1795-ல் இதற்கு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு கினி என்று வரியே போட்டார்கள், பழக்கம் வேகமாகக் குறைந்தது. பிரெஞ்சு ராணி மரீ அன்ட்வானெட்டை எலிசபெத் விஜே லெ ப்ருன் என்கிற பெண் ஓவியர் பலமுறை வரைந்திருக்கிறார். 1787-ல் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் பெரிய ஓவியம் வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. அதில் பெரிய சிவப்புத் தொப்பிக்குக் கீழே சாம்பல் வெளுப்பில் கூந்தல். அப்போது ராணிக்கு 31 வயது.

1791 ஜூனில் ராஜ குடும்பம் பாரீஸிலிருந்து தப்பி ஓடி, வாரேன் என்ற ஊரில் பிடிபட்டுத் திரும்புகிறது. அதற்குப் பிறகு ராணியைப் பார்த்த பணிப்பெண் மதாம் காம்பான் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்: ராணி தொப்பியைக் கழற்றிக் காட்டினாள், ஒரே ராத்திரியில் எழுபது வயசுக் கிழவியின் முடி மாதிரி வெளுத்திருந்தது. தன்னுடைய நரைத்த முடியில் கொஞ்சம் வைத்து ஒரு மோதிரம் செய்து, துன்பத்தால் வெளுத்தது என்று எழுதி, தோழி லம்பால் இளவரசிக்கு ராணி அனுப்பினாளாம். 1793 அக்டோபர் 16-ல் அவளைக் கொலைக்களத்துக்கு வண்டியில் கொண்டுபோனபோது ழாக் லூயி டாவிட் பேனாவால் கிறுக்கிய ஒரு கோட்டோவியம் இருக்கிறது. குல்லாவுக்குக் கீழே கத்தரித்த முடி துருத்திக்கொண்டிருக்கும். வயது 37.

ஒரே தலை. முதலில் அந்த வெள்ளையைப் பார்த்து மக்கள் திமிர் என்று சொன்னார்கள், ரொட்டிக்கு மாவில்லை, இவர்களுக்குத் தலையில் தூவ மாவா என்று. பிறகு அதே தலையின் வெள்ளையைப் பார்த்து பாவம் என்றார்கள்.

சரி, ஒரே ராத்திரியில் நரைக்குமா? நரைக்காது. தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி செத்த பொருள், அதன் நிறத்தை உள்ளிருந்து யாரும் மாற்ற முடியாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் புது முடி வளரும், வெள்ளையும் அந்த வேகத்தில்தான் வெளியே வரும். பிசிராந்தையார் கணக்கு முழுக்கப் பொய்யில்லை. 2020-ல் ஹார்வர்டில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி நேச்சர் இதழில் வந்தது. கடும் மன அழுத்தத்தில் நரம்புகள் நோர்அட்ரினலினைச் சுரக்க, முடிக்கு நிறம் தரும் ஸ்டெம் செல்கள் தீர்ந்துபோகின்றன என்று காட்டினார்கள். ஆனால் அதுகூட அடுத்து முளைக்கிற முடிக்குத்தான். ராணி கதைக்கு மருத்துவர்கள் சொல்கிற விளக்கங்களில் ஒன்று, கறுத்த முடி மட்டும் திடீரென்று கொட்டி ஏற்கனவே இருந்த வெள்ளை மிஞ்சுவது. இன்னொன்று ரொம்பச் சாதாரணமானது. அலங்காரம் நின்றுபோனது. சாயமோ பவுடரோ ஆள்படையோ இல்லாமல் போனதும் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது.

இந்த இரண்டாவது விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அப்பா ரிட்டையர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2023 ஜனவரியில் தவறிவிட்டார். அவர் வாழ்நாளில் டை அடித்ததில்லை, ஐம்பதிலேயே முழு வெள்ளை. சுவரில் மாட்ட படம் பெரிதாக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர், "முடியைக் கொஞ்சம் கறுப்பாக்கிடட்டுமா சார், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். போனில் அம்மாவிடம் கேட்டேன். "அவுகளுக்கு வெள்ளைதான் அழகு, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அம்மா அப்படி இல்லை. நாற்பது வயசிலிருந்து டை. மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பொடியைக் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் உட்காருவாள். முன்பக்கம் அவளே போட்டுக்கொள்வாள். பின்பக்கம் கை எட்டாது. அது அப்பா வேலை. தினத்தந்தியை அவள் தோளில் போர்த்திவிட்டு, அப்பா ஏதோ போஸ்டர் ஒட்டுகிற மாதிரி சரட் சரட்டென்று இழுப்பார். "காதெல்லாம் ஆக்கிட்டீகளே" என்று அம்மா கத்துவாள். பதினைந்து வருஷம் இது நடந்தது. ஊரில் ஒருத்தருக்கும் அம்மாவுக்கு நரை உண்டு என்று தெரியாது.

அப்பா போன பிறகு டை அடிக்கிற பேச்சே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தாலியும் பூவும் எடுத்த வீட்டில் டை பாக்கெட் எங்கே வரும்? நாற்பதாம் நாள் வந்த அத்தை அம்மாவின் வகிட்டைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதாள். "எங்கண்ணன் போன துக்கத்துல ஒரே ராத்திரியில நரைச்சுப் போச்சே மதினிக்கு!" வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு போனார்கள். தெரு முழுக்கப் பரவியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து மாசம் கழித்து குடும்ப ஓய்வூதிய வேலையாக அம்மாவை ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். முன்னாலிருந்து பார்த்தால் தலை முழு வெள்ளை, பின்னல் மட்டும் சாயம் வெளுத்துச் செம்பட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபைலில் அப்பா ரிட்டையர் ஆகும்போது கொடுத்த ஜோடிப் படம் இருந்தது. அதில் அப்பா வெள்ளை, அம்மா கன்னங்கரேல். அந்த எழுத்தர் படத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஆளே வேறு என்று திருப்பி அனுப்பப் போகிறார் என்று நான் ஆதார் கார்டை உருவிக்கொண்டிருந்தேன். "அதுக்குள்ள இப்படி ஆயிட்டீங்களேம்மா" என்றார். நாற்காலி போட்டார். மூன்று முறை அலையவேண்டும் என்று எல்லாரும் பயமுறுத்திய வேலை அன்றைக்கே முடிந்தது.

பஸ்ஸில் வரும்போது ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "இந்த நரை பதினைஞ்சு வருசமா எங்கிட்ட இருக்குடா. இன்னைக்குத்தான் ஒரு வேலைக்கு ஆச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். அம்மா துக்கப்படவில்லையா? பட்டாள், பார்த்தவன் நான். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அடுப்படியில் லைட் போடாமல் உட்கார்ந்திருப்பாள். அது யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்தது முடி. அதனால் துக்கம் முடியில் இருப்பதாக எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். இப்போது அவள் திரும்ப டை அடித்தால், துக்கம் போய்விட்டது என்று அர்த்தமாகிவிடும். அது அவளுக்கும் தெரியும்.

அதற்கடுத்த ஜனவரியில் வருஷ திதி முடிந்து நான் சென்னை கிளம்பும்போது, பை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, "தம்பி, அடுத்த தடவை வரும்போது அந்த டை பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வா. அங்கனயே வாங்கிரு, இங்க முக்குக் கடையில வேண்டாம்" என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

வாங்கிக்கொண்டு போனேன். பாக்கெட்டைப் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தாள். ரெண்டு தடவை நான் ஊருக்குப் போய் வந்தும் அது அங்கேயேதான் இருந்தது. மூன்றாவது தடவை, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். முன்பக்கம் போட்டு முடித்திருந்தாள். தோளில் தினத்தந்தி. பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாள். எனக்கு இதில் அனுபவம் இல்லை, வழக்கம்போல கீழேயும் மேலேயும் வழிந்தது. "நீயும் காதுல ஆக்கிட்டியா" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அத்தை வந்தாள். வாசலில் நின்று அம்மா தலையைப் பார்த்தாள். நான் செல்போனை எடுத்து ஏதோ பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அத்தை உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணி வாங்கிக் குடித்து, மழை பெய்யாததைப் பற்றி, வெங்காய விலையைப் பற்றி எல்லாம் பேசினாள். கிளம்பும்போதுதான் கேட்டாள்.

"கரிசலாங்கண்ணி எண்ணெயா மதினி தேய்க்கிறீக?"

"ஆமா."

"நல்லா வேலை செய்யுதே. எனக்கும் ஒரு பாட்டில் காய்ச்சிக் குடுங்க."